எல்லையோரத்திலிருந்து பிஎச்.டி.: தலைப்பு தேடுவது முதல் கோப்பு படிப்பது வரை

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்தின் ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை பக்கம் எம்.ஏ. முடித்த பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, பிஎச்.டி.க்கு எந்த யுனிவர்சிட்டில அப்ளை பண்ணலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "உனக்கு என்ன தெரிஞ்சாகணும்?" வரலாறோ அரசியலோ பன்னாட்டு உறவோ, வேலை அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

'இந்திய-இலங்கை உறவு' என்பது தலைப்பு இல்லை, கடல். அதிலிருந்து ஒரு குடம் மொள்ள வேண்டும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. முடிவாகாமல் விட்ட 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1976இல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் உருவானது. நம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் குடும்பம், வெளியுறவுக் கொள்கையின் நேரடி விளைவு. 'இந்தத் தோட்டத்துக்கு ஆள் எடுத்தது யார், எந்த விதிப்படி, விடுபட்டவர்கள் எங்கே போனார்கள்?' இது ஆய்வுக் கேள்வி. எந்தக் கோப்பில் தேடலாம், யாரைக் கேட்கலாம் என்று உடனே சொல்ல முடிகிறது பாருங்கள்.

தேவிகுளம், பீருமேட்டுக்காரர்களுக்கு, அந்தப் பகுதிகள் கேரளத்தோடு போன 1956 மாநிலச் சீரமைப்பு இருக்கிறது. திருத்தணிப் பக்கம் என்றால், ஆந்திரத்திலிருந்து அது சென்னை மாநிலத்துக்கு வந்த 1960 எல்லை மாற்றம்.

படி 2: முன்னால் நடந்தவர்களைப் படியுங்கள்

சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஐந்தை எடுங்கள். கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். எந்தெந்த ஆவணங்களைப் பார்த்திருக்கிறார்கள், எதைத் தொடவே இல்லை என்பது அங்கே தெரிந்துவிடும்.

படி 3: தகுதியும் தேர்வும்

முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட் எழுதிவிடுங்கள். 2024 முதல் அந்த மதிப்பெண்ணே பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். வீட்டில் கைநீட்டாமல் படிக்க அதுதான் வழி. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிகளில் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு கிடைக்கலாம்.

படி 4: நெறியாளர்

நான் பெரிய பெயரைப் பார்த்து ஒருவரிடம் சேர்ந்தேன். அவருடைய துறை வேறு, என் கேள்வி வேறு. ஒரு வருடம் போனது. நீங்கள் சேர நினைக்கும் நெறியாளரிடம் படித்தவர்களின் ஆய்வேடுகளைப் பார்த்துவிட்டுப் போங்கள். இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்: பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கு மேல் எடுக்க முடியாது. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுக்கும் அரசியலுக்கும் தனித் துறையே இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அது தெரிவதில்லை.

படி 5: ஆவணக் காப்பகம்

இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் வேலை, கூடுதல் பலமும். திருவிதாங்கூர்க் கோப்புகள் திருவனந்தபுரத்தில், சென்னை மாகாணத்தவை எழும்பூரில், வெளியுறவுக் கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில். டெல்லிக்கு ரயில் ஏறுமுன் அந்தக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் தேடிப் பாருங்கள். ஒரு பகுதி இணையத்திலேயே இருக்கிறது.

மலையாளம் பேசத் தெரிந்தால் போதாது, எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுங்கள். அடுத்தது திருவிதாங்கூர்க் கோப்புகளில் வரும் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. அதை ஆங்கில ஆண்டாக்க ஒரு வழி: ஆவணி முதல் டிசம்பர் முடிய 824ஐக் கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய 825. பெரியவர்கள் சொல்லும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' கொல்லம் 1099 ஆடியில் வந்தது. அதாவது 1924 ஜூலை. இந்தக் கணக்குத் தெரியாமல் ஒரு கோப்பையும் காலவரிசையில் அடுக்க முடியாது.

எந்தத் தாளை நகலெடுத்தாலும் முதலில் கோப்பு எண், துறை, ஆண்டு. நான் எண் எழுதாமல் நாற்பது பக்கம் குறிப்பெடுத்து வந்து, அதே தாள்களைத் தேட மறுபடி மூன்று நாள் உட்கார்ந்தேன்.

படி 6: மனிதர்களிடம் கேட்பது

முதல் நாளே ரெக்கார்டரை எடுக்காதீர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், பெயர் வருமா வராதா என்பதைத் தமிழில் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் மேற்பார்வையாளர் நிற்கும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள். ஆண்டு கேட்டால் தடுமாறுவார்கள். "ராமேஸ்வரத்துல கப்பல் இறங்கறப்போ மூத்த பிள்ளைக்கு என்ன வயசு பாட்டி?" என்று கேட்டால் கணக்குச் சரியாக வரும். டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டுவார்கள். தேதியை அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டு, அவர்கள் கண்முன்னே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜெராக்ஸ் எடுக்கக்கூட வெளியே கொண்டுபோகாதீர்கள்.