கடை வாசல் பலகையில் நினைவு நாள் எழுதுவது எப்படி

முதலில் பலகை. மூன்றடிக்கு இரண்டடி பிளைவுட் போதும். பெயிண்ட் கடையில் பிளாக்போர்டு பெயிண்ட் என்று கேட்டால் சின்ன டப்பாவில் தருவார்கள். ஒரு கோட்டு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்துவிட்டு இரண்டாவது கோட்டு அடியுங்கள்.

புதுக்கோட்டையில் என் ஜெராக்ஸ் கடை வாசலில் இப்படி ஒரு பலகை தொங்குகிறது. நாடகம், சினிமா, ரேடியோ, டிவி என்று நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்துவிட்டுப் போனவர்களின் நினைவு நாளை அதில் எழுதி வைக்கிறேன். பிரிண்ட் எடுக்க வரும் பிள்ளைகள் "எங்க தெருவுலயும் வைக்கணும்க்கா, எப்படி எழுதுறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

சாக்பீஸை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். சர்க்கரை கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப் போட்டு எடுங்கள். எழுதும்போது மங்கலாகத்தான் தெரியும். காய்ந்ததும் வெள்ளை வெளேரென்று நிற்கும், கை பட்டாலும் சட்டென்று அழியாது. மறுநாள் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். கலர் சாக்பீஸ் பெயருக்கு மட்டும் போதும். நாலு கலரில் எழுதினால் புரோட்டா கடை போர்டு மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் ஒரு பழைய டைரி. வருடத்தைப் பார்க்காதீர்கள், தேதிக்கு ஒரு பக்கம் இருந்தால் சரி. பெயர்களைத் தேதிவாரியாக எழுதிக்கொண்டே வாருங்கள். ஜூலை 21-ல் சிவாஜி கணேசன், 2001. ஆகஸ்ட் 30-ல் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், 1957. நவம்பர் 1-ல் எம்.கே. தியாகராஜ பாகவதர், 1959. பெரிய பெயர்கள் ஒரே வாரத்தில் நிரம்பிவிடும். சிரமம் அதற்கு அப்புறம்தான்.

தேதியை ஒரே இடத்தில் பார்த்து எழுதிவிடாதீர்கள். கே.பி. சுந்தராம்பாள் 1980-ல் மறைந்தார் என்பதில் குழப்பம் இல்லை, ஆனால் நாள் என்று வரும்போது ஆளுக்கொரு தேதி போடுகிறார்கள். வயதும் அப்படித்தான், நாடகக் கம்பெனியில் சின்ன வயதில் சேர்ந்தவர்களின் பிறந்த வருடத்தை அதிகம் நம்ப முடியாது. மறைந்த மறுநாள் வந்த பேப்பர்தான் நல்ல சாட்சி. மாவட்ட நூலகத்தில் பழைய தொகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னைக்குப் போகிறவர்களுக்கு தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. தமிழ் சினிமாவின் தகவல்களைத் தனி மனிதராகச் சேர்த்து வைத்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தனையும் டைரியில் ஏற்றிவிடுங்கள்: மார்ச் 21, 2016. அவர் நடிகர் இல்லைதான். ஆனால் அவர் சேர்க்காமல் இருந்திருந்தால் நம் டைரியில் பாதிப் பக்கம் காலியாக இருக்கும்.

இன்றைக்குத்தான் இறந்தார் என்று வாட்ஸ்அப்பில் வருவதை உடனே பலகையில் ஏற்றவே கூடாது. இலங்கை வானொலியின் பிரபலமான அறிவிப்பாளர் ஒருவர் நன்றாக இருக்கும்போதே இறந்துவிட்டதாகச் செய்தி பரவி, அவரே மறுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டார் சொல்லி, பேப்பரிலும் வரட்டும். பலகை ஒரு நாள் பிந்தினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, என்ன எழுதுவது? நாலு வரிக்கு மேல் வேண்டாம். நின்று படிக்கிறவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டேதான் படிப்பார். முதல் வரியில் பெயர், இரண்டாவதில் வருடம். மற்ற இரண்டு வரியில் அவர் செய்த வேலை ஒன்றே ஒன்று. "ஈடு செய்ய முடியாத பேரிழப்பு", "கலைத்தாயின் தவப்புதல்வர்" எல்லாம் ஃபிளக்ஸ் பேனருக்குப் போகட்டும். அந்த வரியை யார் பெயருக்குக் கீழே வேண்டுமானாலும் போடலாம் என்பதே அதிலுள்ள கோளாறு. பி.யு. சின்னப்பாவுக்கு நான் எழுதுவது இது: "உத்தமபுத்திரன், 1940. தமிழ்ப் படத்தில் முதல் இரட்டை வேடம். நம்ம ஊர்க்காரர்." கடைசி இரண்டு வார்த்தைக்கு எங்கள் ஊரில் தனி மரியாதை.

ரேடியோக்காரர்களுக்கு வேறு மாதிரி எழுத வேண்டும். முகம் யாருக்கும் தெரியாது, குரல்தான். ஆகஸ்ட் 13-க்கு நான் இப்படி எழுதுவேன்: "ஆகாசவாணி. செய்திகள் வாசிப்பது..." அதோடு நிறுத்திவிட்டுக் கீழே 2022 என்று மட்டும் போடுவேன். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வாய்விட்டே முடிப்பார்கள், "சரோஜ் நாராயணஸ்வாமி" என்று. கூட வந்த பிள்ளை யாரும்மா அது என்று கேட்கும். அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டால் நாம் நம் வேலையைப் பார்க்கப் போகலாம். செப்டம்பர் 16, 2009-ல் மறைந்த தென்கச்சி கோ. சுவாமிநாதனுக்கும் இதே வழி: "இன்று ஒரு தகவல்" என்று பெரிதாகத் தலைப்புப் போட்டு, கீழே தகவலாக அவர் பெயரை எழுதுங்கள்.

எப்படி இறந்தார் என்பதை எழுதாதீர்கள். சந்திரபாபு என்றதும் கடனாளியான கதை, சாவித்திரி என்றதும் கோமாவில் கிடந்த கதை என்று கடைசி வருடங்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம். சந்திரபாபு சொந்தக் குரலில் பாடியவர், பாட்டுக்கு நடுவே குரலை ஏற்றி இறக்கி யோடலிங் செய்தவர் என்று எழுதினால் யாராவது உடனே பாடியே காட்டுவார்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா 1994-ல் கொழும்பில் கொல்லப்பட்டார். அதை "மறைந்தார்" என்று மெழுகி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒரே நாளில் இரண்டு பேர் வந்தால் மறைந்த வருட வரிசையில் எழுதுங்கள், அந்தஸ்து பார்த்து எழுதாதீர்கள். அக்டோபர் 10-ல் மேலே மனோரமா, 2015. கீழே வில்லிசை சுப்பு ஆறுமுகம், 2022. இதில் தகராறு இல்லை. செப்டம்பர் 23-ல்தான் வரும். அன்று மேலே சின்னப்பா, 1951; கீழே சில்க் ஸ்மிதா, 1996. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் நின்று படித்துவிட்டு, "ஏம்மா, சின்னப்பா பேருக்குக் கீழ இந்தப் பேரா? நாளைக்கு எழுதிக்கக் கூடாதா?" என்றார். "நாளைக்கு அவங்க சாகலையே சார்" என்றேன். பிறகு டைரியை எடுத்துப் பிறந்த வருடங்களைக் காட்டினேன். சின்னப்பா 1916, ஸ்மிதா 1960 டிசம்பர். இரண்டு பேருக்கும் அப்போது 35 வயதுதான். வாத்தியார் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். "அதையும் எழுதிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதினேன்.

டிசம்பர் நெரிசலான மாதம். 2-ல் நாடக மேடைப் பாடகர் கிட்டப்பா (1933), 7-ல் சோ (2016), 24-ல் எம்.ஜி.ஆர் (1987), 26-ல் சாவித்திரி (1981), 28-ல் விஜயகாந்த் (2023). எம்.ஜி.ஆருக்கு என் பலகையில் இரண்டே வரி. மாலை, மைக்செட் எல்லாம் கட்சிக்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள். கிட்டப்பாவுக்கு யார் இருக்கிறார்கள்? அவருக்குத்தான் முழுப் பலகை. சோ இறந்தது ஜெயலலிதா மறைந்த மூன்றாம் நாள். ஊரே வேறு துக்கத்தில் இருந்தது. கொரோனா காலத்தில் போனவர்களுக்கும் கூடுதல் இடம் கொடுங்கள். விசு 2020 மார்ச் 22-ல், நாடே கதவடைத்திருந்த அன்று மறைந்தார். பரவை முனியம்மா அதற்கு அடுத்த வாரம், மார்ச் 29. ஊர் கூடி வழியனுப்பியிருக்க வேண்டியவர்கள்.

மரம் நடச் சொல்லிக்கொண்டே இருந்த நடிகர் விவேக் நினைவாக மரம் நட வேண்டும் என்று பிள்ளைகள் ஏப்ரல் 17-ல் கன்றோடு வந்து நிற்பார்கள். எண்ணம் நல்லதுதான், மாதம்தான் சரியில்லை. புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில் வைக்கிற கன்று மே மாதம் தாண்டாது. அவருடைய பிறந்தநாள் நவம்பர் 19, நல்ல அடைமழைக் காலம். ஏப்ரலில் பலகையில் எழுதிவிட்டுக் கன்றை நவம்பரில் நடுங்கள்.

இனி, டைரியில் எங்கேயும் கிடைக்காத பெயர்கள். வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் சேர்ந்து ஆடும் ஸ்பெஷல் நாடகம் எங்கள் பக்கம் இன்னும் நடக்கிறது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்த்ரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என்று எத்தனையோ பேர் விடிய விடிய ஆடிப் பாடிவிட்டு, பேப்பரில் ஒரு வரி கூட வராமல் போய்ச் சேர்கிறார்கள். இவர்களுக்கு எழுத வேண்டுமென்றால் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். துக்கம் நடந்த வாரத்தில் போகாதீர்கள், கருமாதி முடியட்டும். போட்டோ கேட்டால் பெரும்பாலும் வாக்காளர் அட்டைதான் கையில் இருக்கும். பழைய நாடக நோட்டீஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் வட்டத்துக்குள் ஒவ்வொருவர் படமும், கட்டிய வேஷமும் அச்சாகியிருக்கும்.

ஒரு பபூன் வீட்டில் அவர் மனைவி டிரங்குப் பெட்டியிலிருந்து நோட்டீஸ் கட்டையே எடுத்துத் தந்தார். "எழுதுறதுக்கு என்ன சொல்லட்டும் அக்கா?" என்று கேட்டேன். "ராத்திரி பூரா ஊரைச் சிரிக்க வச்சிட்டு வருவாரு. வீட்டுல வாயே தொறக்க மாட்டாரு. அத எழுதாத" என்றார். அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டு அவரே துடைப்பாராம், வேறு ஆளைத் தொட விடமாட்டாராம். அதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றார். இப்படிக் கேட்டுவிட்டு எழுதுவது முக்கியம். பெரிய நடிகருடைய வீட்டார் நம் பலகையைப் பார்க்கப் போவதில்லை. இவர்கள் மறுநாள் காலையிலேயே வந்து பார்ப்பார்கள்.

நாடகக்காரர்களுக்குச் சேர்த்து ஒரு நாள் வேண்டுமென்றால் நவம்பர் 13. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில் மறைந்த நாள். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதிக்கு நாடகக் கலைஞர்கள் வருடா வருடம் போகிறார்கள். எங்கள் ஊருக்கும் அவருக்கும் உறவு உண்டு; கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை இங்கே அவரைப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார். அன்று பலகையில் சுவாமிகள் பெயரை மேலே போட்டு, அந்த வருடம் போன உள்ளூர்க் கலைஞர்கள் எல்லோரையும் கீழே வரிசையாக எழுதுவேன்.

பாட்டுப் போடுவதென்றால் சத்தம் கடைக்குள்ளேயே இருக்கட்டும். நினைவு நாள் என்றாலே சோகப் பாட்டுப் போட வேண்டியதில்லை. செப்டம்பர் 25-ல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு ஊரெல்லாம் சோகப் பாட்டு ஓடுகிறது. நான் அவர் பாட்டுக்கு நடுவில் சிரிக்கிற பாட்டாகத் தேடிப் போடுவேன்.

டைரியில் பெயர் இல்லாத நாளில் பலகையைக் காலியாக விட்டுவிடுங்கள். நிரப்புவதற்காக எழுத ஆரம்பித்தால் தப்புத் தேதிகள் வந்து சேரும். பலகைக்குக் கீழே ஆணியடித்து ஒரு பழைய டப்பா மாட்டி, சாக்பீஸ் போட்டு வையுங்கள். யாராவது ஒரு பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். அழிக்காதீர்கள், டைரியில் பென்சிலால் குறித்துக்கொண்டு, தேதி சரிதானா என்று அடுத்த வருடத்துக்குள் பார்த்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடித்தால் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். நனைந்த பிளைவுட் ஓரத்தில் உப்பிக்கொண்டால் அப்புறம் அதில் எழுத்து ஒட்டாது.