கெட்டிஸ்பர்க்கில் ஒரு வீரரை நினைவுகூர்வது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் மோதியபோது, பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கில் 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்த போரில் இறந்தோர், காயமுற்றோர், பிடிபட்டோர், காணாமற்போனோர் என இரு தரப்பிலும் ஏறத்தாழ 51,000 பேரைக் கணக்கிடுகிறார்கள். அத்தனை பேரையும் ஒருசேர மனத்தில் நிறுத்த எவராலும் இயலாது. ஆகவே, அஞ்சலி செலுத்தச் செல்பவர் ஒரே ஒரு வீரரைத் தேர்ந்துகொண்டு, அவர் போரிட்ட இடத்திலிருந்து கல்லறை வரை நடப்பதே நல்லது என்பேன்.

முதன்முறை செல்வோருக்கு நியூயார்க் 154ஆம் படைப்பிரிவின் சார்ஜன்ட் ஏமோஸ் ஹியூமிஸ்டனைப் பரிந்துரைக்கிறேன். முதல் நாளன்று அவரது பிரிவு ஸ்ட்ராட்டன் தெருவை ஒட்டிய செங்கல் சூளையில் நின்று போரிட்டது. இறந்து கிடந்தவரின் கையில் அவருடைய மூன்று குழந்தைகளின், கண்ணாடித் தகட்டில் பதித்த புகைப்படம் இருந்ததேயொழிய, பெயரைக் காட்டும் எதுவும் இல்லை. நாளிதழ்களில் புகைப்படம் அச்சிடும் வசதி அன்று இல்லாததால், மூத்த மகனின் சட்டையும் மகளின் கவுனும் ஒரே துணியில் தைத்தவை என்பதுவரை எழுத்தில் விவரித்து வெளியிட்டார்கள். அந்த விவரத்தைக் கொண்டே அவர் மனைவிக்குச் செய்தி எட்டியது; படத்தின் நகலைப் பார்த்ததும் அது உறுதியானது. அவருக்கான நினைவுக்கல் அத்தெருவிலேயே இருக்கிறது. அங்கிருந்து நடையைத் தொடங்குங்கள்.

வழியில் காணும் நினைவுச்சின்னங்கள் மீதும் பீரங்கிகள் மீதும் ஏறக் கூடாது. மண்ணில் தோட்டா கிடந்தாலும் எடுக்கக் கூடாது. மெட்டல் டிடெக்டருக்கும் அனுமதியில்லை.

நடை முடியும் தேசிய வீரர் கல்லறை வடதரப்பினருக்காகவே அமைக்கப்பட்டது. தென்தரப்பு வீரர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் 1870களில் தென்மாநிலங்களுக்கு, பெரும்பாலும் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரிலுள்ள ஹாலிவுட் கல்லறைக்கு, கொண்டுசெல்லப்பட்டன. அவர்களில் ஒருவரைத் தேர்ந்தவர் அங்கும் செல்ல வேண்டியிருக்கும்.

கெட்டிஸ்பர்க் கல்லறையில், தோட்ட வடிவமைப்பாளர் வில்லியம் சாண்டர்ஸ் வகுத்த அரைவட்ட அமைப்பில் வரிசைகள் மாநிலவாரியாக உள்ளன. அதிகாரிகளுக்கெனத் தனியிடம் ஒதுக்கப்படவில்லை. கற்கள் தரையை ஒட்டித் தாழ்வாகப் பதிந்திருப்பதால், நியூயார்க் பகுதியில் நிதானமாகக் குனிந்து தேடினால்தான் ஹியூமிஸ்டனின் பெயர் கண்ணில் படும். இக்கல்லறையின் அர்ப்பணிப்பு விழாவில் அன்றைய அதிபர் லிங்கன் உரையாற்றிய நவம்பர் 19ஆம் நாள் ஆண்டுதோறும் இங்கு விழா நடக்கும். அமைதியை நாடுவோர் வேறொரு காலைப்பொழுதில் வரலாம். சுமார் இரண்டு நிமிடங்களே எடுக்கும் அவ்வுரையை அங்கேயே தணிந்த குரலில் வாசியுங்கள்.

திரும்பும் முன், எண் மட்டும் பொறித்த சிறு பளிங்குக் கற்களின் அருகே சற்று நில்லுங்கள். அடையாளம் தெரியாத 979 பேர் அவற்றின் கீழ் இருக்கிறார்கள். கையில் அந்தப் படம் இல்லாதிருந்தால் ஹியூமிஸ்டனுக்கும் ஓர் எண்தான் கிடைத்திருக்கும்.