படத்தில் ஒளிந்திருக்கும் செய்தியைப் பிடிக்க ஒரு மாடலைப் பழக்குவது எப்படி

பூனையா நாயா என்று பிரிக்கும் மாடலைப் பழக்கிய கையோடு இந்த வேலைக்கு வருகிறவர்கள், அங்கே கற்றதில் பாதியை ஓரமாக வைக்க வேண்டும். அங்கே படம்தான் விஷயம். இங்கே படம்தான் இடைஞ்சல். செய்தியை ஒளித்ததும் 154 என்றிருந்த ஒரு பிக்சலின் மதிப்பு 155 ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

முதலில் படங்கள். பாஸ்பேஸ் தொகுப்பில் 512×512 அளவில் 10,000 கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. தொடங்க அது போதும். ஒவ்வொன்றுக்கும் எஸ்-யூனிவார்ட் முறையில் செய்தி ஒளித்த பிரதி ஒன்றைத் தயார் செய்யுங்கள். இங்கே ரொம்பக் கறாராக இருக்க வேண்டும். ஒளிக்கும் சாவி, அதாவது மாற்றங்கள் எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கும் ரகசிய எண், படத்துக்குப் படம் மாறட்டும். ஒரே சாவியைப் போட்டால் மாற்றங்கள் திரும்பத் திரும்ப அதே இடங்களில் விழும். மாடல் அந்த இடங்களை மனப்பாடம் செய்துவிடும். மூலப்படத்தையும் பிரதியையும் ஒரே நிரலால் சேமியுங்கள். இல்லாவிட்டால் மாடல் சேமித்த விதத்தைக் கண்டுபிடிக்கும், செய்தியை அல்ல.

பயிற்சிக்கும் சோதனைக்கும் பங்கு போடும்போது மூலப்படமும் அதன் பிரதியுமான ஜோடியைப் பிரிக்காதீர்கள். ஒரே பேட்சில் (மாடலுக்கு ஒரு தடவையில் கொடுக்கும் படக் கட்டில்) இரண்டும் சேர்ந்தே போகட்டும்.

படத்தின் அளவைச் சுருக்கவே கூடாது. பக்கத்துப் பிக்சல்கள் கலந்து, தேடுகிற சுவடே அழிந்துவிடும். பெரிய படமென்றால் வெட்டிக்கொள்ளுங்கள். 90 பாகை திருப்பலாம், கண்ணாடி போலப் புரட்டலாம். வெளிச்சத்தை மட்டும் தொடாதீர்கள்.

அப்புறம் மாடல். முதல் அடுக்கில் கேவி ஃபில்டரை (பிக்சல்களைப் பெருக்கிக் கூட்டும் ஓர் எண் கட்டத்தை) வைத்துத் தொடங்குவது எனக்குப் பிடித்த வழி. 5×5 கட்டத்தில் நடுவில் -12, அதை ஒட்டி நான்கு பக்கமும் 8, மூலைவாட்டில் -6, வெளிச்சுற்றில் -1, 2, -2 என்று மாறி மாறி வரும். எல்லாவற்றையும் 12ஆல் வகுக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், சுழியம்தான். அதனால் வானம், சுவர் போன்ற சமமான பகுதிகள் மறைந்து இரைச்சல் மட்டும் மிஞ்சும். செய்தி அந்த இரைச்சலில்தான் இருக்கிறது. இத்துறை ஆய்வாளர் ஜெசிகா ஃப்ரிட்ரிக்கின் குழுவினர் உருவாக்கிய எஸ்ஆர்நெட் மாடல் இந்த ஃபில்டர்களையும் தானே கற்றுக்கொள்ளும். அதன் முதல் ஏழு அடுக்குகளில் பூலிங், அதாவது பக்கத்து மதிப்புகளை ஒன்றாகச் சுருக்குவது, கிடையாது. நீங்களாக வடிவமைத்தாலும் தொடக்க அடுக்குகளில் பூலிங் வேண்டாம்.

பிக்சலுக்கு 0.4 பிட் செய்தி ஒளித்த படங்களில் பழக்கத் தொடங்குங்கள். நேராக 0.1க்குப் போனால் இழப்பு (மாடலின் தவறைக் காட்டும் எண்) 0.69 அருகிலேயே அசையாமல் நிற்கக்கூடும்; அது வெறும் பூவா தலையா. 0.4இல் தேறிய எடைகளை (மாடல் கற்றுக்கொண்ட எண்களை) 0.2க்கும், பிறகு 0.1க்கும் கொண்டுபோங்கள்.

சரி, சோதனையில் நல்ல மதிப்பெண் வந்துவிட்டதா? வேறொரு கேமராவில் எடுத்த, எதையும் ஒளிக்காத படங்களைக் கொடுத்துப் பாருங்கள். இரைச்சல் கேமராவுக்குக் கேமரா மாறும், மாடல் அதில் தடுமாறும். 5% தவறான எச்சரிக்கை என்பது கேட்கச் சின்னது. 10,000 படங்களில் அது 500 பேர்மீது வீண்பழியாகலாம். ஆகவே யாருடைய படங்களைச் சோதிக்கப் போகிறீர்களோ, அதே வகைக் கேமராவின் சுத்தமான படங்களைத் திரட்டி, அவற்றை வைத்தே எச்சரிக்கை எல்லையை நிர்ணயியுங்கள்.