அப்கிரேடு முடிந்தது, ஆக்டிவேஷன் எங்கே?

விண்டோஸ் சர்வர் 2016 வைத்திருப்பவர்களுக்கு 2027 ஜனவரி 12தான் கெடு, அதற்குப்பின் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு இல்லை. 2012 ஆர்2வுக்கு 2023 அக்டோபரிலேயே கதை முடிந்துவிட்டது, காசு கட்டி வாங்கும் ஈஎஸ்யூ (கெடுவுக்குப் பிறகும் வரும் பாதுகாப்பு அப்டேட்டுகள்) கூட 2026 அக்டோபர் 13 வரைதான். புது மெஷினில் புதிதாக ஓஎஸ் போட்டு எல்லாவற்றையும் அங்கே நகர்த்துவதுதான் சுத்தமான வழி, எனக்கும் தெரியும். ஆனால் பத்து வருடத்துக்கு முன் யாரோ போட்டுவிட்டுப் போன அப்ளிகேஷன், இன்ஸ்டாலரும் இல்லை, போட்டவரும் வேலையில் இல்லை என்றால் இன்-பிளேஸ் அப்கிரேடுதான், அதாவது இருக்கும் ஓஎஸ் மேலேயே புதியதை ஏற்றுவதுதான் கதி.

முதலில் லைசென்ஸைப் பாருங்கள், ஐஎஸ்ஓவை அப்புறம் டவுன்லோடு செய்யலாம். சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தால் புது வெர்ஷனுக்கு உரிமை உண்டு, இல்லையென்றால் புதிதாக வாங்க வேண்டும். கணக்கு ப்ராசஸர் கோர் வாரியாக: ஒரு ப்ராசஸருக்குக் குறைந்தது 8, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16. பலரும் மறப்பது கேல்களை, அதாவது சர்வரைப் பயன்படுத்தும் ஆளுக்கோ மெஷினுக்கோ தனியாக வாங்கும் லைசென்ஸை. 2016க்கு வாங்கிய கேலை வைத்துக்கொண்டு 2022 சர்வரைத் தொட உரிமை இல்லை, ரிமோட் டெஸ்க்டாப் கேலுக்கும் இதே விதி. கேஎம்எஸ் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ளேயே விண்டோஸை ஆக்டிவேட் செய்துகொடுக்கும் சேவை, அது ஓடும் மெஷின்தான் ஹோஸ்ட்) இதையெல்லாம் பார்க்காது, ஆக்டிவேஷன் கேட்டால் பச்சைக்கொடி காட்டிவிடும், ஆடிட் வரும்போதுதான் தெரியும். 2024 நவம்பரில் சில இடங்களில் பேட்ச் போடும் டூல்கள் சர்வர் 2025ஐ சாதாரண அப்டேட் என்று நினைத்து 2019, 2022 மெஷின்களில் ஏற்றிவிட்டன. காலையில் வந்து பார்த்தால் புது ஓஎஸ், கையில் அதற்கு லைசென்ஸ் இல்லை.

அடுத்து, எங்கிருந்து எங்கே போகலாம் என்பது. 2022 வரைக்கும் ஒரே தாவலில் இரண்டு வெர்ஷன்தான், அதாவது 2012 ஆர்2விலிருந்து 2019 வரை, 2016லிருந்து 2022 வரை. 2025க்கு மட்டும் 2012 ஆர்2விலிருந்தே நேராகப் போகலாம். ஸ்டாண்டர்ட் எடிஷனிலிருந்து டேட்டாசென்டருக்கு ஏறலாம், இறங்க முடியாது. சர்வர் கோர் இன்ஸ்டாலேஷனை (டெஸ்க்டாப் திரை இல்லாதது) டெஸ்க்டாப்புக்கு மாற்ற முடியாது, மொழியும் அதேதான் இருக்க வேண்டும். மேலே ஓடும் சரக்கையும் பாருங்கள்: எக்ஸ்சேஞ்ச் மெயில் இருக்கும் சர்வரில் கீழே இருக்கும் ஓஎஸ்ஸை மாற்ற ஆதரவே கிடையாது, எஸ்க்யூஎல் சர்வர் 2016 டேட்டாபேஸ் என்றால் விண்டோஸ் 2019க்கு மேல் போகாதீர்கள். டொமைன் கன்ட்ரோலரை (யூசர் கணக்குகளையும் லாகினையும் பார்த்துக்கொள்ளும் சர்வர்) மட்டும் இப்படி ஏற்றாதீர்கள், புதிதாக ஒன்றைச் சேர்த்து ரோல்களை மாற்றிவிட்டுப் பழையதை டிமோட் செய்வது, அதாவது அந்தப் பொறுப்பிலிருந்து இறக்குவது, அரை நாள் வேலை, தூக்கமும் வரும்.

ஒத்திகைக்கு, செட்டப்பை காம்பாட் ஸ்கேன்ஒன்லி சுவிட்சோடு ஓட்டினால் எதையும் மாற்றாமல் தடை இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். பிழை எண் மாதிரி ஒன்று வந்து 0210 என்று முடிந்தால் பயப்படாதீர்கள், பிரச்சினை எதுவும் இல்லை என்பதற்கே மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர் அது. வேறு ஏதாவது வந்தால் சி டிரைவில் மறைந்திருக்கும் பேந்தர் ஃபோல்டரில் லாக் இருக்கும். ஆன்டிவைரஸை எடுத்துவிடுங்கள், நெட்வொர்க் டீமிங் (பல நெட்வொர்க் கார்டுகளை ஒன்றாகக் கட்டியது) இருந்தால் கலைத்துவிட்டு ஐபி விவரங்களை ஒரு நோட்பேடில் எழுதி வையுங்கள். பேக்கப் எடுப்பதோடு நிற்காமல் அதை ஒரு டெஸ்ட் விஎம்மில் ரீஸ்டோர் செய்து, அந்தக் காப்பியிலேயே முதல் அப்கிரேடைச் செய்து பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும், மேனேஜரிடம் டவுன்டைம் கேட்க அந்த எண் போதும்.

இப்போது ஆக்டிவேஷன். எல்லோரும் கடைசிக்குத் தள்ளும் வேலை இது, லைசென்ஸ் பார்த்ததும், சர்வர்களைத் தொடும் முன்பே நான் செய்யச் சொல்வதும் இதைத்தான். புது வெர்ஷனின் கேஎம்எஸ் ஹோஸ்ட் கீயை மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டரிலிருந்து எடுத்து, ஹோஸ்டில் தேவையான அப்டேட்டுகளைப் போட்டு, கீயை ஏற்றி ஆக்டிவேட் செய்துவிட்டுத்தான் மற்ற சர்வர்களைத் தொட வேண்டும். புது கீ பழைய வெர்ஷன்களையும் ஆக்டிவேட் செய்யும், அதனால் முன்கூட்டியே மாற்றுவதில் நஷ்டம் இல்லை. அப்கிரேடு நடுவில் கீ கேட்டால் அந்த எடிஷனுக்கான ஜிவிஎல்கேவை (கேஎம்எஸ்ஸிடம் ஆக்டிவேட் ஆகச் சொல்லும் பொதுக் கீ) கொடுங்கள், அது மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே எல்லோருக்கும் கிடைப்பதுதான். ஹோஸ்ட் கீயை க்ளையன்ட் சர்வர்களில் போடாதீர்கள், ஒரு கீ ஆறு ஹோஸ்டுகளில்தான் ஏறும்.

நான் மாட்டிக்கொண்ட இடத்தில் ஆறு சர்வர்கள். முன்பு மேக் கீயில் (நேரே மைக்ரோசாஃப்டிடம், குறிப்பிட்ட தடவைதான் ஆக்டிவேட் செய்யும் கீ) ஓடியவை, இனி கேஎம்எஸ் வைக்கலாம் என்றது நான்தான். ஒரு வெப் சர்வரை ஏற்றிவிட்டு, நேரம் மிச்சமாகட்டும் என்று சிஸ்பிரெப் (குளோன் எடுக்கும் முன் மெஷினின் தனி அடையாளங்களை நீக்கும் டூல்) செய்யாமல் அதையே மூன்று தடவை குளோன் எடுத்தேன். ஆக்டிவேட் கொடுத்தால் எஃப்074 என்று முடியும் பிழை, ஹோஸ்டையே கண்டுபிடிக்க முடியவில்லை. என்எஸ்லுக்கப்பில் விஎல்எம்சிஎஸ் ரெக்கார்டை (கேஎம்எஸ் ஹோஸ்ட் எது என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் பதிவு) கேட்டால், எப்போதோ அணைத்துத் தூக்கிப்போட்ட ஒரு மெஷினின் பெயர் வந்தது. அதை அழித்து, ஃபயர்வாலில் 1688 போர்ட்டைத் திறந்தால் இப்போது எஃப்038, எண்ணிக்கை போதவில்லை. கேஎம்எஸ் சர்வர்களை ஆக்டிவேட் செய்யக் குறைந்தது 5 மெஷின் கேட்டிருக்க வேண்டும். எங்களிடம் ஆறு இருக்கிறதே? ஹோஸ்டில் எஸ்எல்எம்ஜிஆர் டிஎல்வி (ஆக்டிவேஷன் விவரம் காட்டும் கட்டளை) கொடுத்துப் பார்த்தால் எண்ணிக்கை 3. குளோன் எடுத்த நான்கும் ஒரே க்ளையன்ட் ஐடியோடு வந்து ஒன்றாகவே எண்ணப்பட்டிருந்தன. ஆபீஸ் பிசிக்களும் எண்ணிக்கையில் சேரும், ஆனால் அங்கே எல்லாம் ஓஇஎம் விண்டோஸ் (மெஷினோடு வந்தது), கேஎம்எஸ் பக்கமே வராதவை. மூன்று குளோன்களிலும் ரீஆர்ம் (ஆக்டிவேஷனையும் க்ளையன்ட் ஐடியையும் புதிதாக்கும் கட்டளை) கொடுத்து ரீஸ்டார்ட் செய்தபிறகுதான் 6 ஆனது. எஃப்042 வந்தால் கதை வேறு, அது ஹோஸ்டில் இருக்கும் கீ பழசு என்று அர்த்தம்.

டொமைனில் சேர்ந்த சர்வர்கள் நாலைந்துதான் என்றால் கேஎம்எஸ்ஸை விட்டுவிட்டு ஆக்டிவ் டைரக்டரி வழி ஆக்டிவேஷன் வையுங்கள், எண்ணிக்கைத் தொல்லை இல்லை, ஆக்டிவ் டைரக்டரியின் ஸ்கீமா (தரவு அமைப்பு) சர்வர் 2012 அளவுக்கு இருந்தால் போதும். டேட்டாசென்டர் எடிஷனில் விஎம்களை ஓட்டும் ஹைப்பர்-வி வைத்திருந்தால் ஏவிஎம்ஏ (விஎம்கள் தங்களை ஓட்டும் சர்வர் வழியாகவே ஆக்டிவேட் ஆகும் முறை) இன்னும் சுலபம். மேக் கீயை நெட் இல்லாத சர்வருக்கு ஒதுக்குங்கள், ஃபோனிலும் ஆக்டிவேட் செய்யலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் கணக்கில் ஒன்று குறையும்.

கேஎம்எஸ் ஆக்டிவேஷன் 180 நாள் நிற்கும், 7 நாளுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கப் பார்க்கும். அதனால் ஹோஸ்ட் செத்தாலும் ஆறு மாதத்துக்கு யாருக்கும் தெரியாது. அப்கிரேடு முடிந்த இரண்டாவது வாரத்தில் ஒவ்வொரு சர்வரிலும் டிஎல்வி கொடுத்து, மீதி நாள் 180ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய ஓஎஸ் கிடக்கும் விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டரை அழித்து இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.