அமெரிக்கப் புரட்சியின் சுதந்திரச் சிந்தனை: பேசுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார்செய்கிறேன். 1776 பற்றிய உரைகள் ஆண்டுதோறும் வருகின்றன; மாணவப் பருவத்தில் நான் எழுதிய அதே பிழைகளோடு வருகின்றன. ஆண்டும் பெயரும் தவறுவதை விட்டுவிடுகிறேன். ஒருமுறை சரிபார்த்தால் அவை தீர்ந்துவிடும்.

"வரிச்சுமை தாங்காமல் வெடித்த புரட்சி"

இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நன்றாகப் பேசக்கூடிய மாணவி ஒருவர், தேயிலை வரியை இங்கிலாந்து உயர்த்தியதால் மக்கள் கொதித்தெழுந்தார்கள் என்று அரங்கம் அதிர முழங்கினார். நடுவர் கேட்டது ஒன்றே: "1773 சட்டத்தால் தேயிலை மலிவாகத்தானே கிடைத்திருக்கும்? பிறகு ஏன் கடலில் கொட்டினார்கள்?" அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய வாதம் முழுவதும் அந்த வரி உயர்வின்மேல்தான் நின்றது. பரிசு கைநழுவியது.

1767இல் விதிக்கப்பட்ட மற்றச் சுங்கங்கள் 1770இல் நீக்கப்பட்டன. தேயிலைக்குப் பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் மட்டும் நீடித்தது. 1773இன் தேயிலைச் சட்டம் அதைக் கூட்டவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் தேயிலையை நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பலாம், பிரிட்டனில் செலுத்திய சுங்கம் திரும்பக் கிடைக்கும் என்றது. கள்ளத்தனமாக வந்த டச்சுத் தேயிலையோடு போட்டியிடும் அளவுக்கு விலை இறங்க வழி பிறந்தது. அந்த மலிவுதான் அமெரிக்கக் குடியேற்ற மக்களை அச்சுறுத்தியது. வாங்கிக் குடித்தால், தாங்கள் தேர்ந்தெடுக்காத நாடாளுமன்றம் தங்கள்மீது வரி விதிக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் உடைக்கப்பட்டன. கம்பெனியின் ஏகபோகத்துக்கு அஞ்சிய வணிகர்களின் நலனும் இதில் கலந்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வரி சிறிதாக இருப்பதே பெரிய ஆபத்து என்று பென்சில்வேனியா வழக்கறிஞர் ஜான் டிக்கின்சன் 1767-68இலேயே எழுதிவிட்டார். சிறிய தொகைதானே என்று மக்கள் பேசாமல் கொடுத்துவிடுவார்கள். நாளை அதுவே முன்னுதாரணமாகும். 1766இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், எந்த விஷயத்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றத் தனக்கு உரிமை உண்டு என்று அறிவித்திருந்தது. அந்தக் காலத்தவர் கொடுங்கோன்மை என்றது இதைத்தான். எஜமான் இரக்கமுள்ளவனாக இருந்தாலும் அடிமை அடிமையே, ஏனெனில் எஜமானின் மனம் மாறினால் தடுக்க எதுவும் இல்லை. எவ்வளவு பறிக்கப்பட்டது என்று மட்டும் கணக்கிடும் உரை இந்த இடத்துக்கு வந்து சேர்வதே இல்லை.

பேட்ரிக் ஹென்றியின் முழக்கம்

"சுதந்திரம் கொடுங்கள், இல்லையேல் மரணம் கொடுங்கள்" என்று வர்ஜீனியாத் தலைவர் ஹென்றி முழங்கிய உரை 1775இல், நாம் படிக்கும் வாசகம் அச்சேறியது 1817இல். சொல்லிவிட்டு மேற்கோள் காட்டுங்கள்.

எதிர்ப்பு என்றாலே ஆயுதம் என நினைப்பது

மனு, இறக்குமதிப் புறக்கணிப்பு, பிறகுதான் துப்பாக்கி. போர் தொடங்கிய பின்னும், 1775 ஜூலையில், மன்னருக்குச் சமாதான மனு போனது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கும் சில்லறைத் தவறுகளுக்காகக் கலகம் செய்யச் சொல்லவில்லை; ஒரே நோக்கத்தோடு தொடரும் அத்துமீறல்களே ஆட்சியைக் கவிழ்க்கும் உரிமையைத் தரும் என்றார். சுதந்திரப் பிரகடனம் மன்னர்மீதான குற்றச்சாட்டுகளை வரிசையாக அடுக்குவது அதனால்தான்.

அடிமை முறையைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளுவது

தள்ளாதீர்கள். அடிமை வணிகத்தைக் கண்டித்து தாமஸ் ஜெபர்சன் பிரகடனத்தின் வரைவில் எழுதிய பத்தியைக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அவையான காங்கிரஸ் நீக்கியது. அவரே அடிமைகளை வைத்திருந்தார். நீக்கப்பட்ட அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிட்டு உரையை எழுதத் தொடங்குங்கள்.