ஆன்சைட், ஆஃப்ஷோர் உரசல்: டீம் லீடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, மண்டபம், ராமநாதபுரம் என்று ஊரில் இருந்துகொண்டே அமெரிக்க கிளையண்டுக்கு வேலை பார்க்கும் ஆஃப்ஷோர் டீம்களில், கிளையண்ட் இடத்திலேயே இருக்கும் ஆன்சைட் ஆட்களைப் பற்றி 'அந்தப் பக்கத்து ஆள் நம்மை மதிப்பதில்லை' என்ற பேச்சு அடிக்கடி வரும். லீடும் சேர்ந்து தலையாட்டுவதுதான் பெரிய தவறு. அங்கே இருக்கும் கிளையண்டின் ஊழியரிடம் தன் வேலையை நமக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்த பிறகு தன் வேலை இருக்குமா என்று அவருக்கே தெரியாது. பாதியைச் சொல்லாமல் விட்டால் அது திமிர் இல்லை, பயம். யாருக்கு எந்த வேலை மிஞ்சும் என்பதை கிளையண்ட் மேனேஜரே இரண்டு டீமும் இருக்கும் மீட்டிங்கில் சொல்லும்படி கேளுங்கள். அவர் சொல்லாததை நீங்கள் வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஹேண்டோவர், அதாவது நம் நாள் முடியும்போது வேலையை அந்தப் பக்கம் ஒப்படைப்பது. சண்டை பாதி இங்கேதான் பிறக்கிறது. 'பேமென்ட் பக்கத்தில் எரர், பார்க்கவும்' என்று ஒரு வரி எழுதிவிட்டு லாக் அவுட் செய்தால், அங்கே காலையில் உட்காருபவர் முதலிலிருந்து தேட வேண்டும். எரர் எத்தனை மணிக்கு வந்தது, எந்த லாகில் (சிஸ்டம் எழுதி வைக்கும் பதிவில்) தெரிகிறது, என்னென்ன செய்து பார்த்தீர்கள், எதைத் தொடக்கூடாது: இந்த நாலும் டிக்கெட்டிலேயே (அந்தப் பிரச்சினைக்கான பதிவிலேயே) இருக்கட்டும். சாட்டில் சொன்னது கணக்கில் சேராது.

நேரமும் அப்படித்தான். நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 7:30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் அது 8:30 ஆகிவிடும். எப்போதும் நாமே ராத்திரி உட்கார்ந்தால் மனசு கசக்கும். வாரத்தில் ஒரு மீட்டிங்கையாவது அவர்கள் நேரப்படி காலை 7:30-க்கு மாற்றக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

நம் கடற்கரைக்கென்று ஒன்று உண்டு. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய அன்றே கிளையண்டுக்கு மெயில் போட்டு, மதுரையிலோ சென்னையிலோ யார் பொறுப்பு என்று எழுதிவிடுங்கள். கரண்ட் போன பிறகு ஆளே காணோம் என்றால், சோம்பேறி என்றுதான் அங்கே நினைப்பார்கள்.

கடைசியாக, செய்த வேலையை கிளையண்டுக்குக் காட்டும் டெமோ. கோட் எழுதியது உச்சிப்புளிப் பெண், பேசுவது ஆன்சைட் ஆள் என்றால் அவளுக்கு எரியாதா? எழுதியவரையே பேச விடுங்கள். இங்கிலீஷ் தடுமாறும் என்றால் முந்தின நாள் கூட உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். அன்றைக்கு நடுவில் மட்டும் புகுந்துவிடாதீர்கள்.