சாரலில் கடலோரம்: கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை

ஆனி பிறந்தால் மதுரையிலிருந்து தம்பி போன் பண்ணுவான். "அக்கா, அங்க மழையாமே. லீவுக்கு வரட்டுமா, வேண்டாமா?" வா என்றுதான் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். நாகர்கோவிலில் இருபத்தாறு வருஷம் புவியியல் பாடம் எடுத்தவள் நான். எங்கள் கடற்கரையைப் பார்க்க ஜூன், ஜூலையைவிட நல்ல காலம் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு நிபந்தனை, கடலில் கால் வைக்கிற ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். இது சாலையிலிருந்தும் மேட்டிலிருந்தும் பார்க்கிற பயணம்.

எங்கள் குமரி மாவட்டத்தின் கடலோரம் சுமார் 70 கிலோமீட்டர். அவசரப்படாமல் போனால் ஒரு பகல் வேண்டும். கன்னியாகுமரியில் தொடங்கி மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய நீரோடி வரை போங்கள். தென்மேற்குப் பருவமழை குமரி முனையில் குறைவாகவும், மேற்கே போகப் போகக் கூடுதலாகவும் பெய்யும். காலையில் தூறலில் கிளம்பி மத்தியானம் நல்ல மழைக்குள் நுழைவீர்கள். இன்னொரு வசதி, இந்தத் திசையில் கடல் இடப்பக்கம் வரும். எங்கே நிறுத்தினாலும் எதிர்த்திசை வண்டிகளைக் கடக்க வேண்டாம். பெரியவர்களை இடப்பக்கம் உட்காரவையுங்கள். என் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இறங்காமலே முழுக் கடலையும் பார்த்துவிடுவார்.

முதல்நாள் சாயங்காலமே இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். ஒன்று, வானிலை ஆய்வு மையம் நம் மாவட்டத்துக்குச் சொல்லியிருக்கிற மழை. இன்னொன்று, கடல்நிலையைக் கணித்துச் சொல்லும், ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) மையம் கொடுக்கிற அலை எச்சரிக்கை. இரண்டாவதைப் பலர் பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். தென்கோடிப் பெருங்கடலில் எங்கோ அடிக்கிற புயல் எழுப்பிய அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். மழையும் இருக்காது, காற்றும் இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும், கடல் மட்டும் திடீரென்று கரையேறும். கள்ளன் மாதிரி வருவதால் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனதும் அப்படியொரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். என் மாணவர்கள் வயதுதான் அவர்களுக்கும். அதிலிருந்து இதைச் சொல்லாமல் நான் யாரையும் கடற்கரைக்கு அனுப்புவதில்லை.

வண்டியில் வைப்பர் ரப்பரை மாற்றிவிடுங்கள். உப்புக் காற்றில் அது சீக்கிரம் இறுகிப்போகும். கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள், ஏசியைப் போட்டால் நிமிஷத்தில் தெளியும். பைக்கில் வருகிறவர்களுக்கு மழையைவிடக் காற்றுதான் சோதனை. ஆரல்வாய்மொழிக் கணவாயைச் சுற்றி அவ்வளவு காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. திறந்த வெளியில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும்.

காரில் வருகிறவர்கள் கவனிக்கவேண்டியது தென்னை. எங்கள் சாலையெல்லாம் தென்னந்தோப்புக்கு நடுவே போகும், நிழலாயிருக்கிறதே என்று நிறுத்தத் தோன்றும். ஒரு ஆடி மாதம் நான் அப்படி நிறுத்திவிட்டுச் சாயா குடிக்கப் போனேன். தம்ளரைக் கையில் வாங்கியிருப்பேன், டமார் என்று சத்தம். முன்கண்ணாடி முழுக்கச் சிலந்திவலை, பானெட்டில் ஒரு நெற்று உருண்டுகொண்டிருந்தது. அம்மா அன்றைக்கு வண்டிக்குள் இல்லை. காற்றடிக்கும் நாளில் மட்டையும் காயும் எப்போது வேண்டுமானாலும் விழும். வெட்டவெளியில் நிறுத்துங்கள், நனைந்தால் நனையட்டும்.

கன்னியாகுமரியில் படகை நம்பித் திட்டம் போடவேண்டாம். கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் படகு விடமாட்டார்கள். கரையில் நின்று 133 அடிச் சிலையின் பீடத்தில் அலை ஏறி உடைவதைப் பார்த்துவிட்டு நகருங்கள். அடுத்து மணக்குடி. பழையாறு கடலில் சேருமிடம். 2004 சுனாமி இங்கேயிருந்த பாலத்தை அடித்துக்கொண்டு போனது, இப்போது நாம் போவது பிறகு கட்டிய பாலம். மழை நாளில் ஆற்றின் கலங்கல் நீர் கடலின் சாம்பல் நிறத்துக்குள் நாக்கு மாதிரி நீண்டு போவது பாலத்திலிருந்து நன்றாகத் தெரியும். வண்டியைப் பாலத்தின்மேல் நிறுத்தாதீர்கள், பாலத்தைவிட்டு இறங்கி ஓரமாக விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

எனக்குக் கொஞ்சம் நேரம்தான் இருக்கிறது, ஒரே இடம் சொல்லுங்கள் என்று கேட்டால் முட்டம் என்பேன். தேரி என்று நாங்கள் சொல்கிற செம்மண் மேடு, அதன் கீழே கரும்பாறைகள், மேட்டில் கலங்கரை விளக்கம். மழை ஓய்ந்த அரைமணி நேரத்தில் அந்தச் செம்மண் நனைந்து கிட்டத்தட்ட ரத்தச் சிவப்பாக இருக்கும். பாறை இடுக்கில் அலை புகுந்ததும் முதலில் 'தொம்' என்று ஒரு சத்தம், காலடி அதிரும், அதற்குப் பிறகுதான் நுரை மேலே எழும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடைவெளியில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பாறைமேல் இறங்காதீர்கள். நனைந்த பாசி கண்ணுக்குத் தெரியாது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பல வருஷத்துக்கு முன் என்னிடம் சொன்னார்: "மக்ளே, கடலுக்கு முதுகு காட்டி நிக்கப்பிடாது." செல்ஃபி எடுக்கிறவர்கள் செய்வது அதைத்தான்.

மணவாளக்குறிச்சிக் கரையில் மணலைக் குனிந்து பாருங்கள். இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்த கனிம மணல். பெரிய அலை வெளிர்மணலை உள்ளே இழுத்துக்கொண்டு கனமானதைக் கரையில் விட்டுப்போகும். அதனால் மழைக்காலத்தில் கறுப்பு அடுக்கு தெளிவாகத் தெரியும். ஒரு பிடி அள்ளினால் சாதாரண மணலைவிடக் கை கனக்கும். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிற மணல் இது. பிள்ளைகள் பாட்டிலில் அள்ளினால் திருப்பிக் கொட்டச் சொல்லுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் குளச்சல் பக்கம் பாருங்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆனாலும் வள்ளமும் கட்டுமரமும் போகும், கடல் விட்டால் சாளை கிடைக்கும். மற்ற ஊரில் மத்தி என்பார்கள். அவித்த மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) தேங்காய் அரைத்த சாளைக்கறியும் மழைக்கு எவ்வளவு பொருத்தமென்று சாப்பிட்டால்தான் தெரியும். பெரிய மீன் கேட்டு வற்புறுத்தாதீர்கள், இந்த மாதத்தில் அது பெரும்பாலும் ஐஸில் வந்ததாயிருக்கும். 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததன் நினைவுத்தூண் ஊரில் இருக்கிறது, நனைந்துகொண்டே பார்த்துவிடலாம்.

தேங்காய்ப்பட்டணம் தாண்டினால் சாலை ஒடுங்கும். இரயுமன்துறை, தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று ஊர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒரு பக்கம் வீட்டுத் திண்ணை, மறுபக்கம் தடுப்புச் சுவர், அதற்கப்பால் நேரே கடல். அலை எறிந்த மணல் தாரில் கிடக்கும், பிரேக் பிடித்தால் வழுக்கும். சாலை அடைத்திருந்தால் வாதாடாமல் திரும்பி உள்வழியில் போங்கள். கடலுக்குள் நீளும் கல்வரிசைகளை இங்கே தூண்டில் வளைவு என்பார்கள். அரிப்பைத் தடுக்கப் போட்டவை அவை, ஏறி நடக்க அல்ல. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் இந்தத் துறைகளிலிருந்து போன பலர் திரும்பி வரவில்லை. சுவரில் அலை மோதுவதைப் பார்த்து ஆரவாரம் செய்யாதீர்கள், அந்தச் சுவருக்குப் பின்னால் அவர்கள் வீடுதான் இருக்கிறது. ஹாரனும் வேண்டாம்.

திரும்பும்போது உள்வழியாக மார்த்தாண்டம், தக்கலை என்று வாருங்கள். நாலு மணிக்கு முன்னால் சேர முடிந்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை. சிரட்டைக் (கொட்டாங்குச்சி) கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகியதாகச் சொல்லப்படும் அந்தக் கறுப்புத் தரையில் மழை வெளிச்சம் விழுந்து கிடப்பதை வெயில் காலத்தில் வருகிறவர்கள் பார்க்கவே முடியாது.

வீடு சேர்ந்த அன்றே, எவ்வளவு அலுப்பாயிருந்தாலும், வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டால் உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடும். வண்டிக்குள் விரித்திருக்கும் மிதியடியைத் தனியாக உதறுங்கள், கருமணல் சாமானியத்தில் போகாது.